டீச்சரிடம் கேளுங்க: சொன்னது கொப்பில ஏறுச்சா?

போன மாசம் பெற்றாரும் ஆசிரியரும் கூடுற பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தப் பத்தி ஒரு கேள்விக்கு ரெண்டே வரில பதில் எழுதியிருந்தேன், அது பத்தலன்னு அப்புறம் வந்த கடிதங்களப் பாத்துதான் வெளங்குச்சு. அதனால இந்த மாசம் சமையல் கேள்வி, பரீட்சை கேள்வி எல்லாத்தையும் ஒதுக்கி வச்சிட்டேன், கூட்டம் மட்டும்தான்.

டீச்சர், எனக்கு ரெண்டு புள்ளைங்க, ஒருத்தி ஆறாம் வகுப்பு, ஒருத்தன் ஒன்பது. ஸ்கூல்ல மீட்டிங்னு துண்டு வரும், எப்பவும் வேல நாள்ல காலைல பத்து மணிக்குதான். போனா அன்னிக்கு பேர் போயிரும், நாள் சம்பளம் இல்ல. போனாலும் பின்னால நின்னு கையெழுத்து போட்டுட்டு வந்துர்றேன். சொல்றதுக்கு நெறைய இருக்கு, ஆனா எந்திரிச்சா வாய் வர மாட்டேங்குது. என்ன செய்யட்டும்?
– ஒரு அம்மா, பொகவந்தலாவ

தங்கச்சி, ஒங்க கடிதத்த ரெண்டு தரம் படிச்சேன். மொதல்ல பேர் விசயத்த பேசுவோம், ஏன்னா ஒங்க கேள்விய யாராவது மேலோட்டமா படிச்சா "தைரியமா பேசுங்க"ன்னு சொல்லிட்டு போயிருவாங்க, பேர் போறத கண்டுக்க மாட்டாங்க. நாள் சம்பளம் ஆயிரம் ரூபா ஆகுறதுக்கே 2021 வரைக்கும் ரோட்டுல எறங்கி நிக்க வேண்டியிருந்த சனம் நாம. அப்படிப்பட்ட ஒரு பேர விட்டுட்டு ஒரு அம்மா கூட்டத்துக்கு வந்து நிக்கிறான்னா அவ அக்கறை இல்லாதவ இல்ல. "தோட்டத்து பெற்றாருக்கு படிப்புல அக்கறை கெடையாது"ன்னு மேடைக்கு மேடை சொல்றவங்க, கூட்டத்த வேல நாள் பத்து மணிக்கு வச்சது யாருன்னு ஒரு தடவ யோசிச்சா நல்லா இருக்கும். ஞாயித்துக்கிழம வைக்கலாம், இல்லாட்டி சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிஞ்ச பெறகு வைக்கலாம். அதனால ஒங்க மொத வேல இதுதான், ஒரு தாள்ல "கூட்டத்த நாங்க வரக்கூடிய நேரத்துல வைங்க"ன்னு நாலு வரி எழுதி, ஒங்க லயத்து வரிசை வீடுகள்லயும் மேட்டு லயத்துலயும் பத்து பதினஞ்சு அம்மாமாருகிட்ட கையெழுத்து வாங்கி அதிபருக்கு முன்கூட்டியே குடுங்க. இதுக்கு யாரும் எந்திரிச்சு பேசத் தேவையில்ல.

வாய் வராத விசயத்துக்கு வாறேன். எனக்கு அத பத்தி சொல்லும்போது ஒரு கூட்டம்தான் ஞாபகம் வரும். நான் டிக்கோயா பக்கம் மேல ஒரு சின்ன தோட்டத்து ஸ்கூல்ல படிப்பிச்ச காலம், அஞ்சாம் வகுப்பு அறையில கூட்டம். முன்னால போட்டிருந்த கதிரைல தலைவர், கணக்கப்பிள்ள, கடை மொதலாளி. பின் செவுத்தோரமா பொம்பளைங்க, வேலையில இருந்து நேரா வந்தவங்க, பாதி பேருக்கு கால்ல மண்ணு காயல. வெளையாட்டுப் போட்டிக்கு கூடாரம் எங்க வாடகைக்கு எடுக்குறதுன்னு முக்கா மணி நேரமா பேச்சு போய்க்கிட்டு இருந்துச்சு. அப்ப ஒரு அக்கா கைய தூக்குனாங்க, தூக்குன கைய ஒடனே சேலத் தலைப்புக்குள்ள மறைச்சிக்கிட்டாங்க, வெரல் நுனியெல்லாம் கொழுந்து கறை கறுப்பா. அவங்க சொன்னது இவ்வளவுதான்: "சேர், எம்புள்ள காலைல ஆறரைக்கு குடிச்ச தேத்தண்ணியோட சரி, ரெண்டு மணி வரைக்கும் சொட்டு தண்ணி குடிக்க மாட்டேங்குறா. கேட்டா, கக்கூஸுக்கு கதவு இல்லங்குறா."

கூட்டம் அப்படியே அமைதியா போச்சு. முன்னால இருந்த ஒருத்தர் "அத பெறகு பாப்போம், இப்ப கூடாரத்த முடிப்போம்"னு சொல்லிட்டாரு. நானும் வாயத் தொறக்கல, தெனமும் அந்த கதவில்லாத கக்கூஸ பாத்துக்கிட்டுதான் நானும் வகுப்புக்கு போய் வந்தேன். ஆனா அன்னிக்கு கூட்ட அறிக்க எழுதுனது நான். அந்த பெரிய சி.ஆர். கொப்பில, கூடாரத்துக்கு கீழ, "பெண் பிள்ளைகளின் மலசலகூடத்துக்கு கதவு இல்லை என்று ஒரு பெற்றார் கூறினார்"னு எழுதி வச்சேன். அடுத்த கூட்டத்துல வழமை போல போன கூட்ட அறிக்கைய வாசிச்சாங்க. அந்த வரியும் சத்தமா வாசிக்கப்பட்டுச்சு. வாசிச்ச பெறகு "அது என்னாச்சு?"ன்னு யாரோ கேட்டாங்க, கேட்டது பின் செவுத்துப் பக்கம் இருந்துதான். கோயில் கமிட்டில மிச்சமா கெடந்த பலகைய ஒருத்தர் தாறேன்னாரு, தச்சு வேல தெரிஞ்ச ஒரு அப்பா வந்தாரு, அந்த தவணை முடியிறதுக்குள்ள ரெண்டு கதவு.

அதனாலதான் தங்கச்சி, எனக்கு பேசுறத விட பேசுனது கொப்பில ஏறுறதுல நம்பிக்கை அதிகம். காத்துல சொன்னா காத்தோட போயிரும், எழுதிட்டா அடுத்த கூட்டத்துல அத வாசிக்காம தாண்ட முடியாது. ஒரே ஒரு விசயத்த எடுத்துக்கிட்டு போங்க, அஞ்சு விசயம் வேணாம். ஒங்க புள்ளைக்கு நடக்குறத, நீங்க கண்ணால பாத்தத மட்டும் சொல்லுங்க, அந்த அக்கா சொன்ன மாதிரி. தனியா போகாதீங்க, மூணு நாலு பேரு சேந்து ஒரே வரிசைல ஒக்காருங்க, ஒருத்தி பேசி முடிச்சதும் அடுத்தவ "எங்க வீட்டுலயும் அப்படித்தான்"னு ஒரு வார்த்த சொன்னா போதும். ஒக்காருறதுக்கு முன்னாடி "இத அறிக்கைல எழுதிக்கிறீங்களா சேர்"னு மரியாதையா கேளுங்க. அடுத்த தடவ அறிக்க வாசிக்கும்போது காது குடுத்து கேளுங்க, இல்லாட்டி "நான் சொன்னது விடுபட்டுப் போச்சு"ன்னு அந்த எடத்துலயே சொல்லிரணும், ஒருத்தர் முன்மொழிஞ்சு இன்னொருத்தர் வழிமொழிஞ்சு அறிக்கைய ஏத்துக்கிட்டா பெறகு திருத்துறது கஷ்டம்.

இன்னொன்னும் சொல்லணும். வாய் வராதது ஒங்க ஒருத்தியோட கூச்சம் இல்ல. நம்ம தோட்டத்து ஸ்கூலுங்க ரொம்ப காலம் தோட்ட நிர்வாகத்து கையிலதான் இருந்துச்சு, வாத்தியார போடுறதும் தொரை, தூக்குறதும் தொரை. எழுபதுகள்ல தோட்டங்கள அரசாங்கம் எடுத்த பெறகுதான் ஸ்கூலும் படிப்படியா அரசாங்கத்துக்கு வந்துச்சு. 1945ல நாட்டுக்கே எலவசக் கல்வின்னு வந்தப்பவும் லயத்துப் புள்ளைக்கு அது சரியா வந்து சேரல. 1948ல நம்ம சனத்தோட பிரஜாவுரிமை போச்சு, அந்த கணக்க முழுசா முடிக்க 2003ல ஒரு சட்டம் வர வேண்டியிருந்துச்சு. இந்த நாட்டுல எனக்கு கேக்குற உரிம இருக்குன்னு சொல்ல முடியாம நம்ம அம்மா, அம்மாச்சி எல்லாம் வாழ்ந்து போய்ட்டாங்க. கைய கட்டி நின்ன பழக்கம் ஒரு தலைமுறைல போயிருமா? நீங்க எந்திரிச்சு நின்னீங்கள்ல, அதுவே பாதி.

டீச்சர், என் மச்சான் டொரண்டோவுல இருக்காரு. அங்க ஸ்கூல் போர்டுன்னு ஒன்னு இருக்காம், எலெக்சன் வச்சு ஆள் தெரிவு செய்வாங்களாம், பொதுசனம் போய் மைக்ல பேசலாமாம். நமக்கு ஏன் அப்படி இல்ல?
– வாசகர், ஹட்டன்

மச்சான் சொன்னது சரிதான் தம்பி. ஒண்டாரியோ மாகாணத்துல கல்விச் சபைக்கு நாலு வருசத்துக்கு ஒரு தடவ, நகரசபை எலெக்சனோட சேத்து ஆள் தெரிவு செய்வாங்க. அமெரிக்காவுலயும் பெரும்பாலான ஊர்கள்ல சபை தெரிவு செய்யப்பட்டதுதான், கூட்டத்துல பொதுமக்கள் பேசுறதுக்குன்னே நேரம் ஒதுக்கி ஆளுக்கு ரெண்டு மூணு நிமிசம் குடுப்பாங்க, வேலைக்கு போறவங்க வரணும்னு பல எடத்துல ராவுலதான் கூட்டம். அங்கயும் சண்ட சச்சரவு உண்டு, ஆனா ஓட்டு கேட்டு வந்தவன் மொகத்துக்கு நேரா கேள்வி கேக்கலாம்ல.

நம்ம நாட்டுல ஸ்கூலுக்கு மேல கோட்டக் கல்வி அலுவலகம், அதுக்கு மேல வலயக் கல்வி அலுவலகம், அதுக்கு மேல மாகாணக் கல்வித் திணைக்களம், இப்படித்தான் ஏணி. நுவரெலியா மாவட்டத்துல மட்டும் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்தன்னு அஞ்சு வலயம். இந்த ஏணில ஒரு படி கூட நாம ஓட்டு போட்டு வந்தவங்க இல்ல, எல்லாம் உத்தியோகத்தர்மாரு. 1987ல பதிமூணாவது திருத்தம் வந்து, தேசியப் பாடசாலை தவிர மத்த ஸ்கூலெல்லாம் மாகாண சபைக்கு கீழ வந்துச்சு, அதுதான் நாம ஓட்டு போட்டு கேள்வி கேக்கக்கூடிய எடமா இருந்துச்சு. ஆனா மத்திய மாகாண சபை 2018லயும் ஊவா 2019லயும் கலைஞ்ச பெறகு எலெக்சனே வைக்கல, ஆளுநர்தான் எல்லாத்தையும் பாக்குறாரு. இத நான் ஒரு பெரிய குறையா பாக்குறேன். நம்ம தோட்டத்து ஸ்கூலுங்க எல்லாமே கிட்டத்தட்ட மாகாண ஸ்கூலுங்கதான், அதனால இப்போதைக்கு ஒரு பெற்றார் மொகம் பாத்து கேள்வி கேக்கக்கூடிய ஒரே எடம் அந்த சங்கக் கூட்டம்தான். ஒங்க மச்சான்கிட்ட சொல்லுங்க, இங்கயும் ஒரு எடம் இருக்கு, அத விட்டுக் குடுக்காம பிடிச்சிக்கிட்டு இருக்கோம்னு.

டீச்சர், பேரப்புள்ளைய நான்தான் பாக்குறேன், மக சவூதில இருக்கா. எனக்கு எழுதப் படிக்க தெரியாது. நான் போய் பேசலாமா?
– ஒரு அம்மாச்சி, பசறை

தாராளமா பேசலாம் அம்மா. புள்ளைக்கு இப்ப பாதுகாவலர் நீங்கதான், அத வகுப்பு டீச்சர்கிட்டயும் அதிபர்கிட்டயும் மொதல்லயே சொல்லி பதிஞ்சு வச்சிக்கங்க. எழுத தெரியாட்டி பரவால்ல, எழுதுறதுக்கு செயலாளர் இருக்காரு. ஒன்னு மட்டும், கையெழுத்து இல்லன்னா பெருவெரல் வைக்கிற முன்னாடி அந்த தாள்ல என்ன இருக்குன்னு சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. வாசிக்காம வைக்காதீங்க.

அபிவிருத்திச் சங்கத்துக்கு சேத்த காசு என்னாச்சுன்னு கூட்டத்துல கேட்டேன். அதிபருக்கு கோவம் வந்துருச்சு. மறுநா வகுப்புல வச்சு மகன "ஒங்கப்பா பெரிய கணக்காளர்"னு சொல்லியிருக்காங்க, அவன் ஸ்கூலுக்கு போக மாட்டேங்குறான். நான் கேட்டது தப்பா?
– ஒரு அப்பா, இராகலை

தப்பே இல்ல அண்ணே. வருசாந்த பொதுக்கூட்டத்துல வரவு செலவு கணக்க வைக்கிறது அதிபர் செய்யிற உபகாரம் இல்ல, அது கடம. கேள்வி கேட்டத விட, அதுக்காக புள்ளைய சொல்லிக் காட்டுனதுதான் எனக்கு நெஞ்ச அறுக்குது, நானும் இருபத்தேழு வருசம் வகுப்புல நின்னவ, ஒரு வார்த்த ஒரு புள்ளைய எப்படி சுருக்கிப் போட்டுரும்னு எனக்கு தெரியும்.

மொதல்ல மகன். அவனோட ஒக்காந்து, யாரு சொன்னாங்க, எப்ப, என்ன வார்த்தன்னு அமைதியா கேட்டு திகதியோட எழுதி வைங்க. அப்புறம் தனியா இல்லாம இன்னொரு பெற்றாரையும் கூட்டிக்கிட்டு அதிபரப் பாருங்க, சத்தம் போடாம "கணக்கு என்னோட பேசுங்க, புள்ளையோட வேணாம்"னு சொல்லுங்க. பல நேரம் இதோட முடிஞ்சிரும், ஏன்னா அதிபர்மாருல நெறைய பேரு கோவத்துல விட்ட வார்த்தைக்கு அப்புறம் வருத்தப்படுறவங்கதான். நிக்காட்டி வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுத்துல குடுங்க, ஒரு பிரதி ஒங்க கையில இருக்கணும், வாங்குனதுக்கு கையெழுத்தோ முத்திரையோ வாங்கிக்கங்க. புள்ளைய திரும்பத் திரும்ப அவமானப்படுத்துனா சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையோட 1929ங்குற போன் நம்பர் இருக்கு, கல்வி அமைச்சுக்கு 1988 இருக்கு. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு கண்டிலயும் பதுளைலயும் பிராந்திய அலுவலகம் இருக்கு.

கணக்குக்கு வழி வேற. 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம்னு ஒன்னு இருக்கு, 2017 பெப்ரவரில இருந்து நடைமுறைல இருக்கு. ஸ்கூல் கணக்கும் கூட்ட அறிக்கையும் அதுல கேக்கலாம். ஏன் கேக்குறீங்கன்னு காரணம் சொல்லத் தேவையில்ல, தமிழ்லயே எழுதலாம், தகவல் அலுவலர் யாருன்னு வலய அலுவலகத்துல கேட்டா சொல்லணும். பதினாலு வேல நாளுக்குள்ள தருவாங்களா மாட்டாங்களான்னு பதில் வரணும், வராட்டி மேன்முறையீடு, அதுக்கும் மேல கொழும்புல தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கேள்விய சின்னதா கேளுங்க: இந்த வருசம் பெற்றார்கிட்ட சேத்த காசு எவ்வளவு, எதுக்கு செலவாச்சு, பற்றுச்சீட்டு பிரதி. "ஊழல் பண்ணிட்டாங்க"ன்னு தாள்ல எழுதாதீங்க, அது ஒங்களுக்கு தெரியாது, தெரிஞ்சிக்கத்தானே கேக்குறீங்க. காசு தராத பெற்றாரோட புள்ளைய வெளிய நிறுத்துறது, ரிப்போட்ட பிடிச்சி வைக்கிறது எல்லாம் எந்த சங்கத்துக்கும் உரிம இல்லாத வேல, அதையும் சேத்து மனசுல வச்சிக்கங்க.

மகன தயவு செஞ்சு நிப்பாட்டிராதீங்க. நாளைக்கு அவன ஸ்கூல் வாசல் வரைக்கும் நீங்களே கூட்டிக்கிட்டு போய் விடுங்க.

நீங்க எப்பவும் பெற்றார் பக்கம்தான் பேசுறீங்க. நான் தலவாக்கலை பக்கம் ஒரு ஸ்கூல்ல படிப்பிக்கிறேன். கூட்டத்துக்கு வந்து "சயன்ஸ் டீச்சர் எங்க, மெட்ஸ் டீச்சர் எங்க"ன்னு எங்கள பாத்து கத்துறாங்க. டீச்சர நாங்களா போடுறோம்?
– ஒரு ஆசிரியர்

இது ஞாயமான கோவம் தம்பி, என்னால மறுக்க முடியாது. டீச்சர நியமிக்கிறதும் மாத்துறதும் மாகாணமும் வலயமும், அதிபர் கையில அது இல்ல. நம்ம பக்கம் சயன்ஸ், மெட்ஸுக்கு ஆள் பத்தாதது நேத்து வந்த நோய் இல்ல, அதுக்காகத்தானே ஜெர்மன் ஒதவியோட பத்தனைல ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியே கட்டுனாங்க, அப்புறம் ஆசிரிய உதவியாளர்னு ஆயிரக்கணக்குல புள்ளைங்கள எடுத்து ஆறாயிரம் ரூபா சம்பளத்துல வகுப்புல நிப்பாட்டுனதும் நமக்கு தெரியும். அந்தப் புள்ளைங்க பஸ் காசுக்கும் பத்தாம வந்து படிப்பிச்சாங்க. அவங்கள பாத்து கத்துறது பாவம்.

பெற்றாருக்கு நான் சொல்றது இதுதான், யாருகிட்ட எத கேக்கணும்னு பிரிச்சிக்கங்க. கதவு, தண்ணி, நேரத்துக்கு வகுப்பு நடக்குதா, சங்கக் காசு, இதெல்லாம் அதிபர்கிட்ட. டீச்சர், கட்டடம் எல்லாம் வலயத்துக்கு மேல. ஒங்களுக்கு நான் சொல்றது தம்பி, அடுத்த தடவ அவங்க கத்தும்போது அந்தக் கோவத்த பாழாக்காதீங்க. "ஒன்பதாம் வகுப்புக்கு எந்தத் திகதில இருந்து சயன்ஸ் இல்ல, எத்தன பாடவேள போச்சு"ன்னு நேரசூசியப் பாத்து எழுதிக் குடுங்க, அது ஒங்களுக்குதான் தெரியும். சங்கம் தீர்மானமா நிறைவேத்தி, அதிபர் ஊடாவே வலயத்துக்கு அனுப்பட்டும், ஒரு பிரதி மாகாணப் பணிப்பாளருக்கு. அரசாங்க உத்தியோகத்தர் தனியா எழுதுனா விளக்கம் கேப்பாங்கன்னு பயப்படுறீங்க, அது எனக்கு புரியுது, ஆனா சங்கத் தீர்மானம்னா பெற்றாரோட கையெழுத்துல போகுது. தமிழ்லயே அனுப்புங்க. தமிழும் அரச கரும மொழி, சிங்களத்துல மொழிபெயர்த்து குடுத்தாத்தான் வாங்குவோம்னு எந்த கந்தோரும் சொல்ல முடியாது.

எங்க ஸ்கூலுக்கு பின்னால மண்மேடு. மழைக்கு கட்டடத்துல வெடிப்பு விட்டிருக்கு. கூட்டத்துல சொன்னோம், "புள்ளைங்கள பயம் காட்டாதீங்க"ன்னு சொல்லிட்டாங்க.
– ஒரு பழைய மாணவி, கொஸ்லாந்தை

தங்கச்சி, இதுக்கு அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்காதீங்க. ஒங்க ஊருக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்ல, 2014 ஒக்டோபர் 29 மீரியாபெத்தைல காலைல நடந்த மண்சரிவ நீங்கல்லாம் பக்கத்துல இருந்து பாத்தவங்க. அந்த எடம் ஆபத்துன்னு முன்னாடியே எச்சரிக்க குடுத்திருந்தாங்க, ஆனா சனத்துக்கு போக வேற எடம் குடுத்து எடுத்துட்டு போகல. பயம் காட்டுறதுக்கும் எச்சரிக்கைக்கும் வித்தியாசம் தெரியாதவங்க பேச்ச கேக்க வேணாம்.

வெடிப்ப போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு அடிமட்டத்த வச்சு, திகதியோட. ஒரு வாரம் கழிச்சு அதே எடத்துல திரும்ப எடுங்க, அகலமாகுதான்னு தெரியும். மேட்டுல மரம் சாஞ்சிருக்கா, புதுசா ஊத்து வருதா, ஊத்துத் தண்ணி கலங்கலா வருதா, இதெல்லாம் குறிச்சிக்கங்க. மண்சரிவ பரிசோதிச்சு அறிக்க குடுக்குறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அவங்கள கூப்பிடச் சொல்லி கிராம சேவகர், பிரதேச செயலகம், வலயம் மூணு எடத்துக்கும் ஒரே நாள்ல கடிதம் குடுங்க. பெரிய மழை, வெடிப்பு பெருசாகுதுன்னா 117க்கு அடிங்க, அது அனர்த்த முகாமைத்துவ நிலையம், எந்நேரமும் எடுப்பாங்க. அன்னிக்கு புள்ளைங்கள அனுப்பாதீங்க, வரவு கொறையட்டும்.

பழைய மாணவின்னு எழுதியிருக்கீங்க. சங்கத்துல பெற்றார், ஆசிரியரோட பழைய மாணவருக்கும் எடம் இருக்கு, "நீ யாரு கேக்க"ன்னு யாரும் சொன்னா அத சொல்லுங்க. கூட்டத்துல நீங்க அன்னிக்கு சொன்னத கொப்பில எழுதுனாங்களான்னு நாளைக்கே போய் பாருங்க, எழுதியிருந்தா அந்த பக்கத்தயும் போட்டோ எடுத்து கடிதத்தோட சேத்து அனுப்புங்க. எழுதலன்னா, சொன்ன நாளும் நேரமும் கூட இருந்தவங்க பேரும் போட்டு இப்ப எழுதிக் குடுங்க. என்ன நடந்துச்சுன்னு எனக்கும் ஒரு வரி போடுங்க தங்கச்சி, மழைக்காலம் முடியிற வரைக்கும் காத்திருக்கேன்.